இடப்பக்கம் கொஞ்சம்

மார்ச் மாதத்தில் அவள் இருக்கிறாள்.
வழுவழுத்த தாளில், ஒரு கலண்டரில்,
இரண்டு கைகளையும் குவித்துக்
குழாய்க்கிணற்று நீரை ஏந்தியபடி.
கீழே டேனிஷ் மொழியில் ஒரே வரி.
"முதல் துளி" என்று அர்த்தமாம்.

முதல் துளி இல்லை.
அது ஐந்தாவது தடவை.
முதலில் மேகம் மறைத்தது.
பிறகு குறுக்கே ஒரு கிடாய்.
மூன்றில் அவள் கமராவைப் பார்த்தாள், பார்க்கக் கூடாதாம்.
நான்கில் சிரித்தாள்,
அதுவும் கூடாதாம்.
ஐந்தாவதுக்கு முன் என் காதருகே வந்து
"அண்ணை, வயிறு முட்டிப்போச்சு,
இனிக் குடிச்சால் சத்தி வரும்" என்றாள்.
என்ன சொல்கிறாள் என்று ஹென்ரிக் கேட்டார்.
தண்ணீர் நல்லாயிருக்காம் என்றேன்.
அப்போது எனக்கு நாட்சம்பளம்
ஆயிரத்து இருநூறு ரூபா, மதியச் சாப்பாடு தனி.

விசுவமடுவுக்கு உள்ளே, ஒரு பாலை மரத்தடி.
பாதை திறந்திருந்த காலம்.
வெள்ளை ஜீப்புகள் புழுதியோடு வந்தன,
கதவுகளில் துவக்கைக் குறுக்கே வெட்டிய சிவப்புக் கோடு.
ஹென்ரிக் நல்ல மனிதர்.
லென்சில் படிந்த செம்மண்ணைச்
சின்னத் தூரிகையால் துடைப்பார்,
பிள்ளையின் காதைத் துடைப்பதுபோல.

கைப்பிடியை அடித்தது அவளுடைய அண்ணன்.
நிமலரூபன்.
அந்தப் பெயரை அன்றைக்கு நான் கேட்கவில்லை.
சம்மதப் படிவத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம்.
பன்னிரண்டு வயதிருக்கும்.
படம் பிடிக்க வருகிறார்கள் என்று
தலைக்கு எண்ணெய் வைத்து,
சேட்டின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு
வந்திருந்தான்.
அவன் நிழல் தங்கச்சியின் முகத்தில் விழுந்தது.
ஹென்ரிக் ஏதோ சொன்னார்.
அதைத் தமிழாக்கியது நான்:

"தம்பி, இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி நில்.
கை மட்டும் பிடியில இருக்கட்டும்."

நின்றான்.
எட்டி, ஒற்றைக் கையால்,
உடம்பு முழுவதும் சட்டகத்துக்கு வெளியே,
ஒரு கால் நிலத்தைவிட்டு எழும்ப எழும்ப
அடித்தான்.
தண்ணீர் வந்தது.

போன தையில் இராசமலர் அக்கா
வவுனியாவில் என் வீட்டைத் தேடி வந்தா.
வீட்டுப் படங்களை எல்லாம் பால்மா டின்னில் போட்டுப்
புதைத்தவையாம்.
திரும்பிப் போனபோது
புதைத்த இடம் எதுவென்றே தெரியவில்லையாம்,
காணி முழுக்கக் குழி.
கையில் ஒரு விண்ணப்பம்.
காணாமற்போனவரின் படம் ஒட்ட
மேல் மூலையில் ஒரு வெற்றுக் கட்டம்.
"அந்த வெள்ளைக்காரருக்கு ஒருக்கா எழுதுங்கோ.
முழுப்படம் வைச்சிருப்பார்தானே."

எழுதினேன். மூன்று மாதம்.
பழைய நெகட்டிவ் எல்லாம் தேடி எடுத்து
ஐந்தையும் அனுப்பியிருந்தார்.
மன்னிப்பும் கேட்டிருந்தார், எதற்கென்று எழுதவில்லை.

கணினித் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
மேகம்.
கிடாய்.
பார்க்கிறாள்.
சிரிக்கிறாள்.
எல்லாவற்றிலும் கைப்பிடியில் மணிக்கட்டு வரை ஒரு கை.
கிடாய் நிற்கும் படத்தில் மட்டும்
முழங்கையும், மடித்த சேட்டின் ஓரமும்.

"இது தவநேசன்ர கிடாய்" என்றா முதலில்.
கொஞ்சம் சிரித்தா.
பிறகு திரைக்கு மிகக் கிட்டப் போய்ப்
பெருவிரலைத் தொட்டா,
சைக்கிள் சங்கிலி நசித்த நகம்.

சுகிர்தா கூட வரவில்லை.
கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை, லீவு இல்லை.
அந்தக் கலண்டரைப் பார்த்தால்
இப்பவும் வயிறு முட்டுதாம் அவளுக்கு.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.
இராசமலர் அக்கா கேட்டா,
கோபமில்லை, நிலம் அளக்கிறவர் கேட்பதுபோல:
"எவ்வளவு தூரம் தள்ளி நிக்கச் சொன்னனீங்கள்?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.
பிறகு கொஞ்சம் குறுக்கினேன்.
அவ என் கைகளுக்கு நடுவே
பார்த்துக்கொண்டே இருந்தா.
எப்போது கீழே இறக்குவதென்று
எனக்குத் தெரியவில்லை.