இரண்டு சாக்கு

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
நகல் எடுக்கும் கடை என்னுடையது.
ஒரு பக்கம் இருபது சென்.
மலாயில் கடிதம் என்றால் மூன்று வெள்ளி.

மழை விட்ட மத்தியானம்
சப்பாத்தில் செம்மண் அப்ப வந்தார்
ஏழாம் கட்டைத் தோட்டத்துத் தவமணி.
செம்பனைக்கு அடியில் உதிரிப் பழம் பொறுக்கியது
பதினோரு சாக்கு.
சம்பளச் சீட்டில் ஒன்பது.

“மண்டோரைக் கேட்டேன்.
நான் கேட்டது அவருக்குக் கேட்டுச்சு.
ஆனா கேக்கல.
ரெண்டு சாக்குக்கு
நாலு சாக்குச் சொல்றாரு.
ஆபீஸுக்கு எழுது தம்பி, கேட்டு.”

எழுதலாம்.
ஆனால் மலாயில் ஒரே சொல்லிடம்
இத்தனை வேலை வாங்க முடியாது.
மணி கேட்டால் தான்யா.
கடையில் சீனி கேட்டால் மிந்தா.
வானொலி கேட்டால் டெங்கார்.
நமக்கோ
பெண் கேட்பதும் கடன் கேட்பதும்
குறி கேட்பதும் சொன்ன பேச்சுக் கேட்பதும்
ஒரே சட்டியில் வேகின்றன.

விரல் பழக்கத்தில் தட்டியது: மொஹோன்.
பள்ளிக்கூடத்தில் இடம், வீட்டுக்குக் குழாய்,
இறந்தவர் சேமநிதி,
பதினாறு வருடமாக
எல்லாக் கடிதமும் அந்தச் சொல்லில்தான் குனிகிறது.

“வாசிச்சுக் காட்டு.”
காட்டினேன்.
“அதுக்கு என்ன அர்த்தம்?”
“தாழ்மையோட வேண்டிக்கிறது.”

மேசைமேல் கை வைத்தார்.
முள் ஏறிக் கறுத்த நகம்.
“வேண்டிக்க அவரு என்ன முனியாண்டியா?
நான் பொறுக்கினதைக் கேக்குறேன்.”

அழித்தேன்.
துந்துத் என்று போட்டேன்.
சோற்றில் கல்லாகக் கிடந்தது
திரையில் அந்தச் சொல்.
“இது சண்டைக்குப் போற வார்த்தைக்கா.”
“சண்டைக்குப் போகல. கணக்குக்குப் போறேன்.”

கைநாட்டு இல்லை, கையெழுத்து.
ஒவ்வோர் எழுத்தாக, தமிழில்,
‘ணி’யின் சுழி கோட்டைத் தாண்டி.

“எவ்வளவு?”
மூன்று வெள்ளி கேட்க
எனக்கு மனசு கேட்கவில்லை.
“இருக்கட்டும்” என்றேன்.

“ஏன் இருக்கட்டும்?
தட்டினது நீதானே? கேளு.”

கேட்டேன்.
சில்லறையாக எண்ணி வைத்தார்,
நகலுக்கு இருபது சென் தனியாக.
மறுபடி தூறல். குடையை விரித்தபடி திரும்பி,
“வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.”

வீட்டில் நான் மட்டும்தான்.
இரவு பூட்டைத் திறந்து
விளக்கைப் போட்ட பிறகு
சொன்னேன்.