பத்தொன்பது புள்ளி இரண்டு

மாசி எட்டாம் தேதி, காலை பத்தேகால்.
கொள்முதல் நிலையத்துத் தகரக் கொட்டகையில்
தூற்றும் மிஷின் இன்னும் தொண்டையைச் செருமவில்லை.
நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
பருவம் முடிந்தால் நானும் முடிந்தேன்.
கையில் ஈரமானி. தூக்குச்சட்டி அளவுதான்,
ஒரு கை நெல்லைத் தின்று
ஓர் எண்ணைத் துப்பும்.

முதல் அம்பாரம் சங்கரநயினாருடையது.
கன்னடியன் கால் மடைவாயிலேயே வயல்.
அள்ளினால் விரலிடுக்கில் சரசரவென்று ஓடுகிறது.
பதினான்கு புள்ளி ஆறு.

அடுத்தது உலகம்மை. கடைமடை.
அதே அம்பை பதினாறு,
ஒரே கோணி விதையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தது,
அறுத்ததும் ஒரே வண்டி, ஒருநாள் தள்ளி.
நான் அள்ளுவதற்குள் அவள் ஒரு மணியைக்
கடைவாயில் வைத்துக் கடித்தாள்.
டக்கென்று உடையவில்லை. நசுங்கியது.
"பத்தொம்பது இருக்கும் சார். போட்டுப் பாரும்."

பத்தொன்பது புள்ளி இரண்டு.

அந்தப் புள்ளி இரண்டுக்குத்தான்
அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது போல.

பதினேழு வரைதான் எடுக்கலாம்.
முகத்தைப் பார்க்காமல்
பேரேட்டைப் பார்த்துச் சொல்லப் பழகியிருக்கிறேன்.
அவள் கேட்டுக்கொண்டே ஒரு மணியை உரித்து
நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தின் மேலேயே வைத்தாள்.
அரிசியின் அடிவயிற்றில்
சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெள்ளை.
"இது தை மாசத்து ராத்திரி."
பால் பிடிக்கிற பதினைந்து நாளும்
யாரும் போர்வை தேடாத ராத்திரி.
பகலெல்லாம் பயிர் சேர்த்ததை
இருட்டில் பயிரே மூச்சுவிட்டுத் தீர்த்தது.

இரண்டாவதை உரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை.
"இது மார்கழி."
பொதி கட்டும் நேரத்து முறைத் தண்ணீர்
அவள் வரப்புக்கு இரண்டு வயல் முன்னாலேயே நின்றுவிட்டது.
மூன்று இரவு மண்வெட்டியோடு மதகடியில் நின்றிருக்கிறாள்.
லஸ்கர் போனை எடுக்கவில்லை.

மூன்றாவது மணி முளை விட்டிருந்தது.
அதற்கு அவள் மாசம் சொல்லவில்லை.
போன வாரத்து மழை எனக்கும் தெரியும்,
பைக் சீட்டு இன்னும் காயவில்லை.

மார்கழியில் தண்ணீர் இல்லையென்று நின்றவளை
மாசியில் தண்ணீர் அதிகமென்று திருப்பி அனுப்பினேன்.
எண் சரிதான்.
இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தேன்.

பத்தமடை போகிற ரோட்டில் பாதியைப் பிடித்து
நெல்லை விரித்தாள்.
காலால் கோடு கோடாகக் கிண்டிக்கொண்டே போவாள்,
திரும்பி வருவாள், மறுபடி போவாள்.
ஸ்கூல் பஸ் ஓரமாக ஒதுங்கிப் போனது, ஜல்லி லாரி ஒதுங்கவில்லை.
மயில்கள் மூன்று, விருந்துக்கு வந்த சம்பந்திகள் மாதிரி.
பொதிகைப் பக்கம் கருத்தால்
தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவாள்.
டீ குடிக்கிற சாக்கில் நான் வெளியே நின்று
மேகத்தைப் பார்த்தேன், இரண்டு நாளும்.

மூன்றாம் நாள் கடைவாயில்: டக்.
போட்டுப் பாரும் என்றுகூடச் சொல்லவில்லை.
பதினாறு புள்ளி எட்டு.
ஐம்பத்திரண்டு மூட்டை ஐம்பதரை ஆகியிருந்தது.
காணாமல் போன ஒன்றரை மூட்டை,
நேரம் தப்பி அவள் வயலுக்கு வந்து சேர்ந்த தண்ணீர்.

பெயர் எழுதினேன். ரகம், ஈரம், எடை.
கடைசிக் கட்டம் 'குறிப்பு'.
மூன்று விரற்கடை அகலம் இருக்கும்.
எப்போதும் ஒரு கோடு இழுத்துத் தாண்டிவிடுவேன்.
இன்று பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
வரிசையில் அடுத்த ஆள்
"என்ன சார், மை தீந்துட்டா?" என்றார்.

கோடு இழுத்தேன்.

அவள் உரித்துப் போட்டவை பக்கங்களின் மடிப்பில் கிடந்திருக்கின்றன,
பேரேட்டை மூடும்போது ஒன்று நொறுங்கியது.
வெள்ளை வயிற்று மணியாகத்தான் இருக்கும்.
அதுதான் அத்தனை சுலபமாக நொறுங்கும்.