மூன்று நொடி

செவ்வாய்க்கிழமைகளில் நான்
தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.
கோடாலித் தைலம் ஆகாது. சென்ட் ஆகாது.
பத்து மணி தாண்டும் வரை கோப்பி ஓ கிடையாது.
துவாஸ் லிங்கில் இறங்கி
பேருந்தைத் தவறவிட்டு நடக்கும் நாளில்
வியர்வைக்கும் ஒரு விளக்கக் கடிதம்
எழுதித் தரவேண்டியிருக்கும்.

நாங்கள் மூன்று மூக்குகள்:
நோர்ஹயாத்தி, போ சூன், நான்.
சம்பளச் சீட்டில் தரக்கட்டுப்பாடு என்றிருக்கும்.
கேன்டீனில் எங்களுக்கு வேறு பெயர்.

இரவெல்லாம் நாற்பது பாகைச் சூட்டுப்பெட்டியில் இருந்த
கண்ணாடி ஜாடி. அதற்குள்
ஒரு கைப்பிடி சாம்பல் மணிகள்.
தூரத்திலிருந்து பார்த்தால் கம்பு என்பீர்கள்.
மூடியைக் கொஞ்சம் நகர்த்தி
மூன்று நொடி. மூடு.
ஒன்றென்றால் ஒன்றுமில்லை.
ஆறென்றால் ஓடு.

ஷாம்பு நிறுவனம் கேட்பது இரண்டரைக்குள்.
போத்தலில் பச்சை இலை அச்சடிப்பார்களாம்,
பாதிக்குப் பாதி மறுபயனீடு என்று போடுவார்களாம்,
ஆனால் பழசென்று மூக்கு மட்டும் அறியக்கூடாதாம்.

இன்றைய ஜாடி நானூற்றுப் பதினேழு.
முதல் நொடியில்
துணி அலசும் திரவத்தின் பெயர் தெரியாத பூ.
இரண்டில் பாத்திரச் சோப்பின் எலுமிச்சை.
மூன்றில், எங்கோ அடியில்,
பிள்ளைக்குப் பூசும் லோஷன்,
யாரோ கவிழ்த்துவைத்துத் தட்டித் தட்டித்
தீர்த்த கடைசிச் சொட்டு.

நான்காம் நொடி விதியில் இல்லை.
எடுத்துக்கொண்டேன்.

நாற்றம் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில்
நறுமணம் என்றும் பொருள்.
எத்தனை வாய் மாறி, எத்தனை முறை உருகி
இப்படி இறங்கிப்போனதோ.
சொல் இறங்கலாம் என்றால்
பிளாஸ்டிக் ஏறக்கூடாதா?
இதைப் போ சூனிடம் எப்படி விளக்க?
அவன் ஏற்கெனவே எழுதிவிட்டான்: மூன்று.

புது மணிகளுக்கும் வாசனை உண்டு.
ஜூரோங் தீவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்போது
மெழுகுவத்தியை ஊதி அணைத்த மாதிரி.
அதற்கு மூவரும் ஒன்று போடுவோம்.
பழகிவிட்டால் ஒன்றுமில்லை.

இரண்டுக்கும் மூன்றுக்கும் தலையில் ஒரே வளைவு.
இடுப்பில்தான் பிரிகின்றன.
என் பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
பொய்யாக ஒரு இரண்டு போட்டால்
யாரோ ஒருத்தியின் ஈரத் தலையில் அது தெரிந்துவிடும்.
அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள்.
மூன்று என்று முடித்தேன்.

வீணாகாது, என்றாள் நோர்ஹயாத்தி.
தரை துடைக்கும் திரவத்தின் போத்தலுக்குப் போகும்,
அதுவும் நடு அடுக்கில்:
உள்ளே புதுசு, வெளியே புதுசு, இடையில் இது.
கையும் படாது, திரவமும் படாது.
செமாக்காவில் சாம்பலாய்க் கிடப்பதற்கு...
முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.
நாலு மாதம் அவளுக்கு.
எல்லா ஜாடிக்கும் அரை எண் கூட்டிப் போடுகிறாள்.
அதைக் கழிக்கலாமா என்று
மேலே ஒரு கூட்டம் நடக்கிறது.

மாலை, பூன் லே, பதினொன்றாம் மாடி.
ஷாம்பு தீர்ந்திருந்தது.
தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். நுரை.
மறுபடி. நுரை.
இன்னொரு முறை கொட்டிவிட்டு
வாயருகே மூக்கை வைத்து
மூன்று நொடி.

வாசலில் திருமாறன்:
என்ன, வீட்டிலும் ஓவர்டைமா?
இரண்டரை, என்றேன்.
குப்பைக் குழாய் சமையலறையிலேயே இருக்கிறது, என்றார்.
இருக்கிறது.

மின்தூக்கியில் இறங்கி
நீலத் தொட்டியைத் திறந்தால்
எல்லாவற்றுக்கும் மேலே
பாதி குடித்த பபிள் டீ,
உறிஞ்சுகுழலோடு சாய்ந்து,
அட்டைகள்மேல் சொட்டிக்கொண்டு.
எடுத்துவிட்டேன்.
ஒரு கையில் கழுவிய போத்தல்,
மறு கையில் யாருடையதோ எச்சில்,
எங்கே ஊற்றுவது என்று
வடிகாலைத் தேடுகிறேன்.