திரும்பி வருவதற்கான சான்று

நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன்.
அடுத்த ஆண்டும் அவர்களிடம்தான்
விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

எங்கள் ஊரில் அவர்களுக்கு ஜன்னல் கிடையாது.
பிஷ்கெக்கில் விடியுமுன் வேன் பிடித்து
சூ ஆற்றுப் பாலத்தில் இறங்கி
எல்லையை நடந்து கடந்து
அந்தப் பக்கம் அதே வேனுக்குக் காத்திருந்து
அல்மாட்டி போகவேண்டும்.
முன்சீட்டுக்காரர் வழிநெடுக
செல்போனில் ஆட்டு விலை பேசினார்.
என் மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.
அதற்குள் நான்.

மாநாட்டில் எனக்குப் பன்னிரண்டு நிமிடம்.
நவம்பரில் ஒரு செவ்வாய், மதியச் சாப்பாடு முடிந்து
எல்லோரும் கண்ணயரும் நேரம்.
அர்ஸ்லான்போப் காட்டில் அக்ரூட் இலைகள்
ஜூனிலேயே ஏன் கருகுகின்றன என்று
நான்கு கோடை எடுத்த கணக்கு.
விடுதிக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு
சொல்லிப் பழகினேன்.
பதினொன்றே முக்காலில் முடிந்துவிடும்.
கால் நிமிடம் நன்றிக்கு.

அசையாச் சொத்து?
நாற்பத்திரண்டு மரங்கள்.
தகர வில்லையில் எண் அடித்து நானே கட்டினேன்.
ஆனால் அவை வனத்துறையுடையவை. கோடு போட்டேன்.
கணவர், கோடு.
பிள்ளைகள், கோடு.
திரும்பி வருவீர்கள் என்பதற்குச் சான்று?
நாலு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள்.
முப்பத்தேழாம் மரத்தில் இன்னும்
மாதிரி எடுக்கவில்லை என்று எழுதி
அடித்துவிட்டேன்.

கணக்கில் பணம் இருக்கவேண்டும், முப்பது நாள், அசையாமல்.
என் உதவித்தொகை மாதம் பதினேழுக்குமேல் தாங்காது.
அண்ணன் ஜோல்டோஷ் குதிரைக்கு வைத்திருந்ததைத் தந்தான்.
அறைத்தோழி மேரிம் கல்யாணச் சேமிப்பைத் தந்தாள்,
மாப்பிள்ளையிடம் சொல்லாமல்.
ஆய்வகத்தில் குழாய் கழுவும் வேரா பெத்ரோவ்னா
தேயிலை டப்பாவோடு நீட்டினாள்,
ரப்பர் பேண்ட் போட்ட கட்டு.
எவ்வளவு என்று அவளும் சொல்லவில்லை.
வங்கியில் எண்ணியபோதுதான் எனக்கு வேர்த்தது.

செப்டம்பர் கடைசி. காய் உரிக்கும் காலம்.
பச்சைத் தோலின் சாறு பட்டு
பத்து விரலும் கரி.
ரேகை எடுக்கும் கண்ணாடியில் வைத்தேன்.
சிவப்பு விளக்கு.
கழுவி வரச் சொன்னாள் ஜன்னலுக்குள் இருந்தவள்,
என் வயதுதான், ஒட்டுவைத்த இமை.
சோப்பு, ஸ்பிரிட், யாரோ தந்த எலுமிச்சைத் துண்டு.
மறுபடி சிவப்பு. மறுபடி.
எனக்குப் பின்னால் வரிசை பெருமூச்சு விட்டது.
இது கறை, போகாது, தோலோடு சேர்ந்து
தானே உதிரவேண்டும் என்றேன்.
ஐந்தாம் தடவை பச்சை.
அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
உங்கள் பக்கம் கிலோ என்ன விலை?

பதில் வந்திருப்பதாகச் செய்தி வந்து
மறுபடி அதே பாலம், அதே வேன், அதே ஜன்னல்.
உறையைத் திரும்பும் வழியில்,
எல்லை வரிசையில் நின்று பிரித்தேன்.
மூன்றாவது கட்டத்தில் ஒரு குறி.
பயண முடிவில் நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்ற
நம்பிக்கை ஏற்படவில்லை.
ஏற்படவில்லை.
யாரும் எதுவும் செய்யாமலே
நடந்துமுடிகிற வினைச்சொல்.

எங்கள் பக்கத்துக் காவலர்
பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.
எங்கே?
வீட்டுக்கு.
உடனே நம்பினார். முத்திரை விழுந்தது.

அந்தச் செவ்வாயன்று
என் பன்னிரண்டு நிமிடத்தில்
அவர்களுக்குக் காபி முன்னதாகவே வந்திருக்கும்.
எனக்கு இங்கே இருட்டிவிட்டது.
காலையில் வங்கிக்குப் போய்
ஜோல்டோஷுக்கு அனுப்பினேன்.
மேரிமின் தலையணைக்கடியில் வைத்தேன்.
எல்லாப் பணமும், சொன்ன தேதியில்,
வந்த கைக்கே.
கடைசியாகத் தேயிலை டப்பா.

வேரா எண்ணவில்லை.
ரப்பர் பேண்டை மட்டும் உருவி
மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள்.
சர்க்கரை எத்தனை என்றாள்.
கோப்பையை வாங்கும்போது பார்த்தேன்,
விரல்கள் வெளுத்திருந்தன.
நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம்.