ரின்சியின் கட்டைவிரல் நகம்

தடைக்காலத்தின் முப்பத்தெட்டாம் நாள்.
படகு பாம்பனில் கயிற்றில் கிடந்தது,
நான் தங்கச்சிமடத்தில், வீட்டில் கிடந்தேன்.
ஜெனிட்டா விடியுமுன்னே
நண்டுக் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள்.
ரின்சி லீவுக்கு மூக்கையூர் போய்விட்டாள்.
மிச்சம் நானும் சூடையும்.

சூடை மீனில்லை, முயல்.
வெயில் பட்டால் வயிறு வெள்ளியாய் மினுங்கும்,
அதனால் மகள் வைத்த பெயர்.

இந்த மணலில் புல் தேடுவது லேசில்லை.
கிடைக்கிற அருகிலும் உப்புக்காற்று படிந்திருக்கும்.
மூன்று தண்ணீர் அலசி
கொடியில், சட்டைகளுக்கு நடுவே உலர்த்தவேண்டும்.
பழம் நறுக்குவது லேசு.

முதலில் ஒரு கீற்று மாம்பழம்.
தின்ற அழகைப் பார்த்திருக்கவேண்டும்.
மூக்கு ஒரு பக்கம் ஓட, மீசை ஒரு பக்கம் ஓட,
முடித்துவிட்டு என் முழங்காலைச் சுரண்டி
இன்னும் என்றது.
இருபது வருசத்தில் கடல் ஒருநாளும்
என்னிடம் இன்னும் என்று கேட்டதில்லை.

மறுநாள் முழு வாழைப்பழம்.
அப்புறம் தர்பூசணி, சப்போட்டா,
மச்சான் கத்தாரிலிருந்து அனுப்பிய பேரீச்சை ஐந்து.
எனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

நாற்பத்திமூன்றாம் நாள் சாயங்காலம்
கூண்டு மூலையில் உருண்டு உட்கார்ந்திருந்தது.
பல்லை நறநறவென்று கடித்தது.
மாம்பழத்தை நீட்டினேன்,
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
கீழ்த்தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.
பெருக்குகிற வேலை மிச்சம் என்று
காலையில் நான் சந்தோசப்பட்ட அதே தட்டு.

மீன்பெட்டியைக் கழுவித் துண்டு விரித்து
ஜூடின் ஆட்டோவில் ராமநாதபுரம்.
பாலத்தின் மேல் காற்று ஆட்டோவைத் தள்ளியது.
அதன் வயிற்றில் கை வைத்திருந்தேன்:
சத்தமே இல்லை.
நடுக்கடலில் எஞ்சின் நின்றால்
எதைக் கழற்றவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் ஃபர்ஹானா கேட்டார், என்ன கொடுத்தீங்க?
பாவசங்கீர்த்தனம் மாதிரி
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
பேரீச்சை வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது புல்லுல ஓடுற குடல்ங்க."
எனக்குப் புரிந்துவிட்டது.
டீசல் டேங்கில் சர்க்கரை கொட்டியிருக்கிறேன்.

"பழமே வேணாம்னு சொல்லல.
குடல் சரியாகி ரெண்டு வாரம் போகட்டும்.
அப்புறம் வாரத்துல ரெண்டு நாள்,
கட்டைவிரல் நகம் அளவு, கொட்டையில்லாம.
ஆப்பிள் விதை ஒண்ணுகூட உள்ள போகக்கூடாது.
காய்ஞ்ச பழம் வீட்டுப் பக்கமே வேணாம்."
என் கட்டைவிரலைப் பார்த்தார்,
வடம் இழுத்து வீங்கிய அதை.
"உங்க நகம் இல்ல. உங்க மக நகம்."

தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றி, ஊசி போட்டு,
ஊசியில்லாத சிரிஞ்சும் மருந்தும் கொடுத்து அனுப்பினார்.

ராத்திரி ஜெனிட்டா
நண்டு வாசனைக் கையோடு வந்து நின்றாள்.
கிராம் கிராமாய்ச் சதை எடுக்கிறவள்.
"உங்களுக்கு அள்ளத்தான் தெரியும்,
கிள்ளத் தெரியாது" என்றாள்.
அப்புறம் துண்டை என்னிடமிருந்து வாங்கி
அதன் வயிற்றை அவளே நீவத் தொடங்கினாள்.

நாலு மணி இருக்கும்.
தட்டில் டிக் என்று ஒரு சத்தம்.
மிளகளவுதான்.
டார்ச் அடித்து எண்ணினேன். ஏழு.
ஏழு, என்று கத்தினேன்,
பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.
வலை நிறைந்த நாளில்கூட
இப்படிக் கத்தியதில்லை.
மூக்கையூருக்கு போன் போட்டேன்.
தூக்கத்தில் ரின்சி கேட்டாள்:
"ஏழா? பெருசா, சிறுசா?"

இன்று ஐம்பத்தெட்டு.
முதல் பழம், பப்பாளி.
விதை வழித்து,
ரின்சியின் விரலைப் பக்கத்தில் வைத்து வெட்டினேன்.
ஒரு மூச்சில் முடித்துவிட்டு
முழங்காலுக்கு வந்து சுரண்டுகிறது.
புல்லை நீட்டுகிறேன்.
அதற்குக் கோபம்.
இருக்கட்டும்.
கடலுக்குப் போக இன்னும் மூன்று நாள்,
கொடியில் இன்னும் இரண்டு கட்டு காய்கிறது.