அடைப்புக்குறிக்குள் நான்கு விநாடி

ஊலு நகரம். நவம்பர். பிற்பகல் மூன்றேகால்.
சன்னலுக்கு வெளியே பொழுது
அதற்குள் கடையடைத்துவிட்டது.
வாசலில் பனிக்காலணிகள் ஜோடி ஜோடியாய்
உருகி நிற்கின்றன.
புதன்கிழமைக் கருத்தரங்கு, அமர்வு ஏழு:
நிறுவனங்களும் எண்மத் தொழில்நுட்பமும்.
குறிப்பெடுப்பது என் வேலை.
ஏலக்காய் ரொட்டிக்கு ஆள்கணக்குச் சொல்வதும்.

சுவர்த்திரையில் பதினோரு கறுப்புச் சதுரங்கள்.
ஒன்று தாம்பெரேயிலிருந்து இருமுகிறது.
"உங்கள் ஒலிவாங்கி திறந்திருக்கிறது" என்கிறார் தோர்ஸ்தி,
முப்பது ஆண்டுகளாகத் தலைமை வகிப்பவர்,
வாயைத் திறந்தாலே
"இது கேள்வியல்ல, ஒரு கருத்து" என்று தொடங்குபவர்.

இன்று சனெல்மாவின் கட்டுரை.
வீட்டுப் பராமரிப்புப் பணியாளர் கையில் ஒரு செயலி:
யார் வீட்டுக்கு, எப்போது, எத்தனை நிமிடம்.
கதவில் ஒட்டிய வில்லையைக் கைபேசியால் தொட்டால்
கடிகாரம் ஓடும்.
மறுபடி தொட்டால் நிற்கும்.
திரையில் பெட்டிகள், பெட்டிகளுக்கிடையே அம்புகள்,
அம்புகளின் தலையில் தன்னாட்சி, செயலாண்மை, பேரம்.
இருபத்திரண்டாம் பக்கத்தில் மேற்கோள்:

"பழகிவிட்டது. [மௌனம், நான்கு விநாடி]
பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்."
பதிலளித்தவர் 14.

அந்த நான்கு விநாடியின் மேல்
ஒரு கோட்பாட்டையே கட்டியிருந்தாள் சனெல்மா.
மௌனம் ஓர் எதிர்ப்பு என்றாள்.
நன்றாகத்தான் இருந்தது. நானும் அடிக்கோடிட்டேன்.
தோர்ஸ்தி, இது கேள்வியல்ல,
மௌனம் இணக்கமாகவும் இருக்கலாமே என்றார்.
ஒரு கறுப்புச் சதுரம் கையுயர்த்தி
மாதிரி எண்ணிக்கை போதாது என்றது.
மௌனத்தைப் பற்றி இப்படி
இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.
நீலக் கம்பளிச் சட்டை, கழற்ற மறந்த அடையாள அட்டை.
காப்பிக்காக ஒதுங்கிய யாரோ என்றிருந்தேன்.
"நான்தான் பதினான்கு.
பெயர் ஹில்க்கா. போட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை."

சனெல்மாவின் முகம்
கையெழுத்தாகாத ஒப்புதல் படிவம்.

"அது மௌனம் இல்லை.
கைபேசி அதிர்ந்தது, பார்த்தேன்.
அடுத்த வீடு ரத்து. வில்யோ வீடு.
காரணம் என்ற இடத்தில் ஓர் எண்தான் வரும்.
ஒன்று என்றால் மருத்துவமனை.
இரண்டு என்றால் மகனோ மகளோ வந்திருக்கிறார்கள்.
ஆறு வந்திருந்தது.
ஆறு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்,
பின்னிணைப்பில் போட்டிருக்கிறீர்களே."

போட்டிருந்தது.
யாரும் பக்கத்தைப் புரட்டவில்லை.

"அவருக்கு இரவில் ஐந்து மாத்திரை.
ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து
முகம் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார்.
ஒரு மாத்திரைக்கு எத்தனை மாத்திரை நேரம் என்று
செயலி கேட்டதில்லை. பதினெட்டு நிமிடம் தந்தது.
பதினெட்டில் கதவைத் தொட்டுவிட்டு
மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன்.
உங்கள் வரைபடத்தில் அந்தக் கோடு
அவ்வளவு நேராகப் போவது அதனால்தான்."

சனெல்மா பேனாவை எடுத்தாள். வைத்தாள்.
"இதைச் சேர்த்துக்கொள்ளலாமா?"

ஹில்க்கா யோசித்தார்.
எத்தனை விநாடி என்று நான் எண்ணவில்லை.
"வேண்டாம்.
இன்னும் மூன்று வீட்டில் அப்படித்தான் செய்கிறேன்."

ரேடியேட்டர் ஒருமுறை முனகியது.
தோர்ஸ்தியிடம் கேள்வியும் இல்லை, கருத்தும் இல்லை.
தாம்பெரேச் சதுரம் மட்டும்
"ஒலி விட்டுவிட்டு வந்தது, யாராவது
திரும்பச் சொல்ல முடியுமா?" என்றது.
நாங்கள் காலணிகளைத் தேடப் போனோம்.

நான் எழுதிய குறிப்பு:
அமர்வு ஏழு. கலந்துரையாடல் நடந்தது.
நான்கு நாற்பதுக்கு முடிந்தது.

மீதியை இங்கே எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ.
பெயர்களை மாற்றிவிட்டேன், ஊரையும்,
கதவுகளின் எண்ணிக்கையையும்கூட.
ஏலக்காய் ரொட்டி மட்டும் நிஜம்.
அவர் இரண்டு எடுத்து,
ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனார்.