நான்கு மில்லிமீட்டர்

கண்டியில் மழை. மூன்றாம் மாடியில்
ஏசி இரைச்சலுக்குள் ஒரு புள்ளியைத் தேடுகிறேன்.

சர்க்கரையோடு ஊசியில் போன அணு உடைகிறது.
தெறித்த பாசிட்ரான் உடைந்த இடத்தில் நிற்பதில்லை;
ஒரு ரவையளவு அலைந்து
எதிர்ப்பட்ட எலக்ட்ரானோடு சேர்ந்து அழிகிறது.
அழிகிற இடத்தில் இரண்டு ஒளி
முதுகு காட்டி ஓடும்,
நேர்கோட்டில் என்பார்கள்.
முழு நேரில்லை. கால் பாகை கோணல்.

வளையத்தில் இரண்டு படிகங்கள் மின்னினால்
கோடு தெரியும்.
கோட்டில் எங்கே என்று தெரியாது.

நான் பிறந்த தோட்டத்தில்
லைன் என்ற சொல் தேய்ந்துதான் லயம்.
பன்னிரண்டு கதவு, ஒரே கூரை,
கடிதத்துக்கு ஒரே விலாசம்.

கோடுகள் கோடிக்கணக்கில் குறுக்கே விழ விழ
படம் ஊறி வரும்,
றம்பொடை வளைவில் மூடுபனிக்குள்
வண்டி வருகிற மாதிரி:
வெளிச்சம் உண்டு.
விளக்கு ஒன்றா, இரண்டா?

தங்கேஸ்வரி, நாற்பத்தாறு, கீழ்ப்பிரிவு.
இடது நுரையீரலில் ஒரு மங்கல்.
மேசையில் அசையாமல் கிடந்தார்.
மூச்சை மட்டும் அடக்க முடியவில்லை என்று
எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஏழு மாதம்
கண்ணாடிக் குழாயில் ஒரு துளி வைத்து
வளையத்தின் நடுவிலும் ஓரத்திலும்
அது எப்படிக் கலங்குகிறதென்று அளந்திருந்தேன்.
அந்தக் கலங்கலையே கணக்குக்குள் எழுதினேன்.
அளவு மீறிக் கூராக்கினால்
இல்லாத விளிம்பு முளைக்கும்,
பொய்யும் துல்லியமாய்த் தெரியும்.
ஆறாம் சுற்றோடு நிறுத்தினேன்.

பதினொன்றரைக்கு மங்கல் பிரிந்தது.
இரண்டு. நடுவே நான்கு மில்லிமீட்டர்.
எழுந்து கைதட்டினேன், தனியாக.
பிறகு உட்கார்ந்தேன்.
பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஆறியிருந்தது.

அழைப்புக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போனது.
அங்கே மூன்று தங்கேஸ்வரிகள்.
முதலாமவர் பிரித்துப் படித்து அழுதார்.
இரண்டாமவர் வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் படுத்தார்.
பத்தொன்பதாம் நாள்
உரியவர் வந்தார், ஓரம் நனைந்த உறையோடு.

"எங்க இருக்குன்னு சரியாத் தெரியுதுங்களா?"
தெரிகிறது என்றேன்.

அடுத்த கடிதத்துக்காக விலாசம் கேட்டேன்.
"கோயில தாண்டி எறங்குனா பீலி.
பீலிக்கு மேல ரெண்டாவது லயம்,
ஏழாவது கதவு.
நீலப் படங்கு தொங்கும்,
காத்தடிச்சா தொங்காது."

படிவத்தின் கட்டத்தில் இடம் போதவில்லை.
ஓரத்தில் எழுதினேன்,
திருப்பி, பின்பக்கத்திலும்.